கால்வாயா, ஆறா, ஏரியா, கடலா: பஸ்ஸில் போய் நடக்க எந்தக் கரை?

சொந்த வண்டியில் போகிறவர் வண்டி நின்ற இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, எட்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். நீரோரமாக நடக்க இடம் தேடும் பலர் இதை விட்டுவிட்டு, எந்தக் கரை அழகு என்று மட்டும் பார்க்கிறார்கள். எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்பதை முதலில் வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடும்.

இங்கே ‘எளிது’ என்றால் 6 முதல் 10 கிலோமீட்டர், பெரிய மேடு பள்ளம் இல்லாத பாதை, நிறுத்தத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தண்ணீர். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 8 கிலோமீட்டருக்கு 2 மணி நேரம். நின்று பார்க்கவும் உட்காரவும் இன்னும் அரை மணி.

கால்வாய்க் கரை

எளிமையில் முதலிடம் இதற்குத்தான். படகுக் கால்வாய் வெட்டியவர்கள் நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி இருக்கும். பாதையில் சரிவு வருவதும் பெரும்பாலும் அங்கேதான். குதிரை நடந்து படகை இழுத்த பாதை என்பதால் தண்ணீரை ஒட்டியே போகும். பின்னால் ரயில்பாதை போட்டவர்களும் அதே சமநிலத்தைத்தான் தேடினார்கள். அதனால் பழைய கால்வாய்கள் பலவற்றுக்குப் பக்கத்தில் தண்டவாளமும் ஓடுகிறது. பாதி வழியில் போதும் என்று தோன்றினால் அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். மற்ற மூன்று கரைகளிலும் இந்த வசதி இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை.

ஏமாறும் இடங்கள் இரண்டு. சில பாலங்களில் பாதை எதிர்க்கரைக்கு மாறும். கவனிக்காமல் நேரே போனால் வேலியில் போய் முட்டும். இன்னொன்று சுரங்கம். லண்டனில் 1820இல் முழுமையாகத் திறந்த ரீஜண்ட்ஸ் கால்வாயில் இஸ்லிங்டன் சுரங்கம் 878 மீட்டர் நீளம். உள்ளே நடைபாதை கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை அவிழ்த்து மேட்டின் மேலே ஓட்டிப்போனார்கள். இன்று நடப்பவரும் தெருக்களின் வழியே போய்த்தான் மறுபக்கம் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் கால்வாய்க் கோடு திடீரென்று மறைந்தால் காரணம் இதுதான்.

பாலத்தின் அடியில் பாதை ஓர் ஆள் அகலத்துக்குக் குறுகும். எதிரே சைக்கிள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க வைத்த குறுக்குக் கம்பிகளில் குழந்தையின் தள்ளுவண்டி சிக்கும். நேராக ஓடும் கால்வாயில் ஒரு மணி நேரத்துக்குப் பின் சலிப்பு வரும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆற்றங்கரை

காட்சிக்கு ஆறு. தூரத்தைத் தப்பாகக் கணக்கிட வைப்பதும் ஆறுதான். ஓடும் நீளத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் 1.5க்கு மேல் வரும் ஆற்றை வளைந்தோடும் ஆறு என்று வகைப்படுத்துவது வழக்கம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே நேராக 6 கிலோமீட்டர் என்றால் கரையோரம் 9 கிலோமீட்டராவது இருக்கும். ரயில் சில நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு இரண்டே கால் மணி நேரம். வரைபடத்தில் ஒரு நூலை ஆற்றின் மேல் வளைத்து வைத்து அளந்துவிடுங்கள். 1:25,000 அளவு வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் நூல் 1 கிலோமீட்டர்.

இரு கரைகளும் ஒன்றல்ல. நிலையம் எந்தப் பக்கம், கிளையாறு எந்தப் பக்கம் வந்து சேர்கிறது என்று பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளையாறு சேரும் இடத்தில் பாலம் இல்லையென்றால் மேலே வெகுதூரம் சுற்ற நேரும். வளைவின் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும்; மேலே புல் திடமாகத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. அங்கே விளிம்பை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நடங்கள். உள்வளைவில் மணல் படிந்து கரை சாய்வாக இருக்கும்; உட்கார ஏற்றது அதுதான்.

நீங்கள் நடக்கும் ஊரில் வெயில் அடித்தாலும் மேல்பக்கம் பெய்த மழையிலோ, அணையில் திறந்துவிட்ட நீரிலோ ஆறு ஏறும். நகரத்தில் தாழ்வாக அமைந்த ஓடைகள் இன்னும் வேகம். தென்கொரியத் தலைநகர் சோலில் 2005இல் மீட்டெடுத்த சொங்யேச்சோன் ஓடை தெருமட்டத்துக்குக் கீழே ஓடுகிறது. சுரங்க ரயில் நிலையங்கள் வழிநெடுக உண்டு. ஆனால் மழை வலுத்தால் இறங்கும் வழிகளை மூடிவிடுவார்கள்.

ஏரிக் கரை

சுற்றி வந்து இறங்கிய நிறுத்தத்திலேயே ஏறலாம். ஒரே ஒரு கால அட்டவணை போதும். குறுக்களவு 2 கிலோமீட்டர் உள்ள வட்ட ஏரியின் சுற்றளவு 6.3 கிலோமீட்டர்; கரை உள்வாங்கி வெளிவாங்கிப் போனால் 8, 9 ஆகும். பாதிச் சுற்றில் கால் வலித்தால் முன்னால் போனாலும் திரும்பினாலும் ஒரே தூரம் என்பதுதான் சங்கடம். சிங்கப்பூரின் மரீனா விரிகுடா போல, சுமார் 3.5 கிலோமீட்டர் சுற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில் நிலையங்கள் உள்ள இடங்கள் அபூர்வம்.

அணை நீர்த்தேக்கம் என்றால் அணையின் மேல் நடக்க அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் சுற்று முழுமையாகாது. நீர் வற்றிய ஓரத்தில் வெடித்துக் காய்ந்த சேறு திடமாகத் தெரியும். காலை வைத்தால் முழங்கால் வரை போகும். காலையில் கிழக்குக் கரையிலிருந்து தொடங்கினால் நிலப்பக்கத்து மரங்களின் நிழல் பாதையில் விழும். மாலையில் மேற்குக் கரை.

கடற்கரை

பஸ் வசதி பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஆனால் எளிது என்று நம்பி ஏமாறுவதும் இங்கேதான் அதிகம். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உழைப்பு வேண்டும். மணல் நடைக்கு 4, 5 கிலோமீட்டரே போதும். நடக்க ஏற்றது, தண்ணீர் அப்போதுதான் விலகிய ஈர மணல். அது கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரே திசையில் வெகுநேரம் நடந்தால் ஒரு பக்க முழங்காலும் கணுக்காலும் வலிக்கும். போன வழியே திரும்பினால் சரிவு மறுகாலுக்கு மாறும். சுற்றாமல் நேராகப் போய் முடிக்கும் நடைக்குக் கடற்கரை பொருந்தாததன் காரணம் இது.

அடுத்தது ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும் கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்று 9 மணிக்கு இருந்த நிலை இன்று 9:50க்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். ஏறும் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் சீராக ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். 4 மீட்டர் ஓதத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 2 மீட்டர். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து ‘மெதுவாகத்தானே வருகிறது’ என்று பாறை முனையைச் சுற்றிப் போனவர்தான் மாட்டிக்கொள்வார். உயர் ஓதம் முடிந்து ஒன்றிரண்டு மணி கழித்துத் தொடங்குங்கள். தண்ணீர் வற்றிக்கொண்டே போகும், மணலும் இறுகியிருக்கும்.

பாறைமேட்டுப் பாதையில் ஓதம் தொல்லையில்லை, படிகள் உண்டு. சிட்னியின் பாண்டை முதல் கூஜி வரை சுமார் 6 கிலோமீட்டர், இரு முனையிலும் பஸ். ஆனால் படிக்கட்டுகள் ஏராளம். தள்ளுவண்டிக்கு அது ஆகாது. முழங்கால் பலவீனமானவருக்குத் தளம் போட்ட கடலோர நடைமேடை போதும்.

எந்த முனையில் தொடங்குவது

ஒரு முனையில் மணிக்கு ஒரு பஸ், மறுமுனையில் 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், பஸ் முனையில் தொடங்கி ரயில் முனையில் முடிக்க வேண்டும். புறப்படும் நேரம் உங்கள் கையில். பஸ்ஸைக் கணக்கிட்டுக் கிளம்பலாம். நடந்து முடிக்கும் நேரம் அப்படி இல்லை. மணிக்கு ஒன்று வரும் பஸ்ஸுக்குச் சராசரியாக அரை மணி, ஒரு நூலிழையில் தவறவிட்டால் ஒரு மணி நேரம் நிற்க நேரும்.

விடுமுறை நாள் அட்டவணை வேறாக இருக்கும். கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியை இலக்காக வையுங்கள். இறங்கிய இடத்திலேயே பஸ் ஏறித் திரும்பும் நடையானால், காலையில் இறங்கியதும் எதிர்ப்பக்க நிறுத்தம் எங்கே என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருவழித் தெருவாக இருந்தால் அது அடுத்த தெருவில் இருக்கும். இருட்டில், களைத்த காலோடு தேட முடியாது.