பான்டோபிரசோல்: நெஞ்செரிச்சல் போனது, கூடவே பி12-உம் போனது

முதலில் மருந்துக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி., காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. ஏழெட்டு ஆண்டுகள் விடாமல் போட்டேன். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருப்பதைப் பார்த்துவிட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. நடுராத்திரியில் புளித்த நீர் தொண்டைவரை ஏறி எழுப்பிவிடுவது நின்றது. ரசத்துக்கே பயந்துகொண்டிருந்தவன் வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சொன்ன வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற மாத்திரைகள் குறைவு.

என் புகாரெல்லாம் மருந்துச் சீட்டின் மேல்தான். மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் அதில் இருந்தன. எத்தனை வாரம் என்பது இல்லை. உணவுக்குழாய்ப் புண் ஆறுவதற்கு வழக்கமாக 8 வாரம் கணக்கு. புண் கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் அதற்குப் பிறகும் நீளும். ஆனால் நம் ஊரில் இதற்குக் ‘கேஸ் மாத்திரை’ என்று பெயர் வைத்தாயிற்று. சட்டப்படி இது அட்டவணை எச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. காலி அட்டையை நீட்டினால் போதும், புது அட்டை கைக்கு வந்துவிடும். “கேஸ் மாத்திரைதானே சார், எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடலாம்” என்று கடைக்காரர் தைரியமும் சொல்வார்.

பாதங்களில் மதமதப்பு எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மெதுவாக வந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் இரண்டடி நடந்துவிடுவேன். எனக்குச் சர்க்கரையும் உண்டு, மெட்ஃபார்மின் போடுகிறேன். அதனால் வீட்டில் எல்லாரும் பழியைச் சர்க்கரையின் மேல் போட்டார்கள். புதிதாகப் பார்த்த பொது மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பின் மேல் வைத்தார். “அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்” என்றார். நின்றுவிட்டது என்றேன். உடனே கவையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தார். அங்கே அது இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு பழைய பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தது. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற வரியில் 101 என்று தடித்த எழுத்தில் இருந்தது. 100-க்கு மேல் போனால் பரிசோதனைக் கூடத்துக் கணினியே தடித்த எழுத்தில் போட்டுவிடும். அதைப் படிப்பதற்குத்தான் ஆள் இல்லை. நரம்புக்கும் சிவப்பணுவுக்கும் வேண்டிய வைட்டமின் பி12-ஐப் பார்க்கச் சொன்னார். 142 வந்தது. குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று அதே தாளில் போட்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை அவர் விளக்கியபோதுதான் அமிலத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. பால், முட்டை, மீனில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் வேண்டும். பிரிந்த பிறகுதான் மற்றப் புரதங்களின் துணையோடு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய் ரத்தத்தில் சேரும். அமிலத்தை அடக்கினால் முதல் படியே தடுமாறுகிறது. ஆனால் கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான பி12 கையிருப்பு இருக்கும். சேமிப்பை எடுத்துச் சாப்பிடும் குடும்பம் போல, அது தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. என்னைப் போல மெட்ஃபார்மினும் போட்டு, சைவமும் சாப்பிட்டால் மூன்று வழியிலும் அடி. ஆகவே பழி முழுவதையும் பான்டோபிரசோல் தலையில் கட்ட மாட்டேன்.

2013-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பி12 குறைபாடு உள்ள ஏறத்தாழ 26,000 பேரை, அது இல்லாத 1,84,000 பேரோடு ஒப்பிட்டார்கள். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகையை இரண்டாண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு 65 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமிலத்தை வேறு விதமாகக் குறைக்கும் ரானிடிடின் வகைக்கு 25 சதவீதம். மாத்திரைதான் காரணம் என்று இத்தகைய ஆய்வு நிரூபிக்காது. ஆனாலும் என் கையில் இருந்த தாளோடு அது நன்றாகவே பொருந்தியது.

சிவப்பு நிற பி12 ஊசி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கால் மதமதப்பு குறைய மாதக்கணக்கில் ஆயிற்று, பெருவிரல் நுனியில் இன்னும் மிச்சமிருக்கிறது. இப்போது பி12-ஐ மாத்திரையாகவே எடுக்கிறேன். மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, பிரிப்பதற்கு அமிலம் வேண்டியதில்லை. அமிலக் குறைப்பு மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும் இது பலன் தரும் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

மக்னீசியமும் பார்த்தார்கள், எனக்குக் கீழ்க்கோட்டை ஒட்டி, சரியாகவே இருந்தது. ஆனால் இதில்தான் அவசர ஆபத்து. 2011-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது: பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மக்னீசியம் இறங்கலாம், தசைப்பிடிப்பு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். அவர்கள் பார்த்த நோயாளிகளில் கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் சரியாகாமல், மருந்தையே நிறுத்த வேண்டி வந்தது. நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ சேர்த்து எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இரும்புச்சத்திலும் இதே கதைதான். கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு உடலில் சேரும் வடிவத்துக்கு மாற அமிலம் உதவுகிறது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு எனக்குச் சுமார்தான். கீரைக்கு எலுமிச்சை பிழிகிறேன், சாப்பாட்டோடு டீ குடிப்பதை விட்டுவிட்டேன். என் அக்காவும் இதே மாத்திரைக்காரர். எலும்புத் தேய்மானத்துக்கு அவர் வாங்கிக்கொண்டிருந்தது கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். சிட்ரேட் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எந்த வடிவம் என்று போட்டிருக்கும்.

இனி நிறுத்துவது. என் புண் லேசானதாக இருந்து ஆறியும் விட்டதால், மருத்துவர் 20 மி.கி. ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். முதல் சில வாரம் நரகம். முன்பு இருந்ததைவிடக் கடுமையான எரிச்சல். “பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் உன்னால் முடியாது” என்று அக்கா சொன்னார். நல்லவேளை, இது வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நீண்ட நாள் அடக்கி வைத்த அமிலச் சுரப்பு, பிடியை விட்டதும் கொஞ்ச காலம் அளவுக்கு மீறிச் சுரக்கும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் இதே வகையைச் சேர்ந்த எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தியதும், அவர்களில் 44 சதவீதம் பேருக்குப் புதிதாக எரிச்சலும் எதுக்களிப்பும் வந்தன. வெற்று மாத்திரை எடுத்த மறுபாதியில் 15 சதவீதம். பலர் இந்த வாரங்களில்தான் பயந்து பழையபடி கடைக்கு ஓடுகிறார்கள். நான் அந்த நாட்களை ஆன்டாசிட் திரவத்தாலும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்த மரக்கட்டையாலும், இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துக்கொள்வதாலும் ஓட்டினேன். இப்போது என்றைக்காவது தேவைப்பட்டால் ரானிடிடின் வகையைச் சேர்ந்த ஃபமோடிடின்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளையே மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். ரத்தக் கசிவோடு குடற்புண் வந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் சேர்த்து எடுப்பவர்கள், பேரட் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்படலம் மாறிவிடுவது) என்று எண்டோஸ்கோபியில் எழுதப்பட்டவர்கள் ஆகியோருக்கு இது தேவையான மருந்து. 2019-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 17,000-க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்குப் பான்டோபிரசோலும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ மூன்றாண்டு பார்த்தார்கள். எலும்பு முறிவோ மறதி நோயோ சிறுநீரகக் கோளாறோ மருந்தால் கூடவில்லை, குடல் தொற்று மட்டும் சற்றுக் கூடியது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பீதிச் செய்திகள் இதைச் சொல்வதில்லை.

ஆண்டுக்கணக்கில் போடுகிறவர் என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எனக்கு இன்னும் எதற்காக, பி12 பார்க்கலாமா? நான் பார்த்த பரிசோதனைக் கூடங்களின் முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் மலிவான தொகுப்புகளில் பி12 இல்லை, மக்னீசியம் எதிலுமே இல்லை. தனியாகச் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.