டிரேஸ்பாத்: வழியில் பதில் வரும்வரை நல்ல கருவி

வீட்டிலிருந்து என் வாடகை சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கமாண்ட் கொடுக்கும் இணைப்பு) போட்டால் உடனே உள்ளே போகும், சின்னச் சின்ன கமாண்ட் எல்லாம் ஓடும், ஆனால் ஒரு பெரிய லாக் ஃபைலைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். ஃபைல் ஏற்றினால் தொல்லை இல்லை, இறக்கினால்தான். இந்தத் தலைவலியால்தான் டிரேஸ்பாத் என்ற நெட்வொர்க் சோதனைக் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

லினக்ஸில் ஐபியூட்டில்ஸ் தொகுப்போடு வருவது, ரூட் (நிர்வாகி) அனுமதியும் கேட்காது. பெயரை அடித்து, போக வேண்டிய முகவரியைக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு ஹாப்பாக, அதாவது வழியிலுள்ள ராவுட்டர் ஒவ்வொன்றாகப் போய் அந்த வழியில் எவ்வளவு பெரிய பாக்கெட் (தரவுப் பொதி) துண்டாகாமல் போகும் என்று சொல்லிவிடும். என் வீட்டு ஃபைபர் பிபிபிஓஇ வகை, ஈதர்நெட்டுக்குள் இன்னொரு உறை போட்டு இணைக்கும் முறை. அது 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் ஈதர்நெட்டின் 1500 பைட் வரம்பு இங்கே 1492 ஆகிவிடும். டிரேஸ்பாத் முதல் வரியில் 1500 என்றது, ராவுட்டரைத் தொட்டதுமே 1492 என்று திருத்திக்கொண்டது. அருமை என்று நினைத்தேன்.

ஆனால் அது போகும் வழியின் கணக்கு மட்டும். எனக்குச் சிக்கல் இருந்தது சர்வரிலிருந்து திரும்பி வரும் வழியில். சரி என்று சர்வரிலிருந்து வீட்டை நோக்கி ஓட்டினேன்: வரிசையாக 'பதில் இல்லை', 30 ஹாப் முடிந்து கடைசியில் பிஎம்டியூ (அந்த வழியில் துண்டாகாமல் போகும் அதிகபட்ச அளவு) 1500 என்று கூசாமல் ஒரு எண். இதுதான் இதன் பெரிய குறை. வழியில் யாரும் பதில் சொல்லாவிட்டால், தான் கிளம்பியபோது வைத்திருந்த எண்ணையே முடிவு போலக் காட்டிவிடுகிறது. 'தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பழைய பிங் கமாண்ட்தான் கைகொடுத்தது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அளவை மாற்றி மாற்றி அனுப்பினேன். 1464 போனது, 1465 போட்டால் மௌனம். அதோடு தலைப்புகளின் 28 பைட்டைச் சேர்த்தால் அதே 1492. நடுவில் ஒரு ராவுட்டர் 'பாக்கெட் பெரிசு' என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் கருவிகள் பிழை சொல்லும் செய்தி) அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சர்வர் ஃபயர்வாலில் பிங் தவிர மற்ற எல்லா ஐசிஎம்பியையும் அடைத்து வைத்திருந்தது யார்? நானேதான். பாதுகாப்பாம்! வழியின் அளவைக் கண்டுபிடிக்க, 1990இல் வந்த ஆர்எஃப்சி 1191 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லும் முறை முழுக்க 'பாக்கெட் பெரிசு' என்ற அந்த ஒரு தகவலை நம்பித்தான் இருக்கிறது. வீட்டு ராவுட்டரும் பழசு, எம்எஸ்எஸ் (டிசிபி இணைப்பு ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவு) அளவைக் குறைத்துக் கொடுக்காது.

விதியைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் டிரேஸ்பாத் அழகாக 1492 காட்டுகிறது, லாக் ஃபைலும் திறக்கிறது. ஐசிஎம்பியைத் திறக்க வழியே இல்லாதவர்கள் சர்வர் லினக்ஸில் டிசிபி எம்டியூ புரோபிங் அமைப்பை 1 ஆக்கிப் பாருங்கள், பெரிய பாக்கெட் தொலைவதைக் கவனித்து அதுவே அளவைக் குறைத்துக்கொள்ளும்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த 1500 கடுப்புக்கு ஒன்றைக் குறைத்தேன், மீதி அரை என் ஃபயர்வால் மேலிருந்த கோபம்.