‘விளிக்காம்’ என்றார்கள்: பாலக்காட்டு கன்சல்டன்சி ஒன்றைப் பற்றிய மதிப்புரை

பாலக்காடு நகரில், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்த எட்டு மாதங்களில் அவர்கள் வழியாக மூன்று ஆலைகளுக்கு நேர்காணலுக்குச் சென்று வந்தேன். பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன். நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஓர் அலுவலகத்தோடு நிற்பதில்லை என்பதை, வேறு இடங்களில் பதிந்து வைத்திருக்கும் என் உறவுக்காரர்கள் சொல்லியும் அறிந்திருக்கிறேன்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுவது முறை. தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படித்த எனக்கு மலையாளம் பேச வரும். படிவம் நிரப்பும் அளவுக்கு எழுத வராது. அலுவலகத்தில் இருந்த பெண் தமிழிலேயே பேசி, நான்கு பக்கம் நீண்டிருந்த என் பயோடேட்டாவை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கி, டேலியிலும் ஜி.எஸ்.டி. கணக்கிலும் எனக்கிருந்த ஒன்பது ஆண்டு அனுபவத்தை மேலே கொண்டுவந்து வைத்தார். சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பித் தந்தார். அசலை வாங்கிப் பூட்டி வைக்கும் இடமாக இருந்திருந்தால் நான் படியிறங்கி வந்திருப்பேன். வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தில் பாதியைக் கட்டணமாகத் தர வேண்டும் என்பதையும் எழுத்திலேயே கொடுத்தார்கள். பதிவு செய்த பன்னிரண்டாம் நாள் முதல் நேர்காணல் அமைந்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நேர்காணல், உலோகப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் கணக்கர் வேலைக்கானது. இரண்டு பேருந்து மாறிச் சென்றேன். கணினி முன் மூன்று மணி நேரம் அமர்த்தித் தேர்வு வைத்தார்கள். கஞ்சிக்கோட்டிலிருந்து கேரளத்துக்குள்ளேயே இருக்கும் காசர்கோட்டுக்குச் சரக்கு போனால் மத்திய வரியும் மாநில வரியும், எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டிப் பக்கத்திலிருக்கும் கோயம்புத்தூருக்குப் போனால் ஒருங்கிணைந்த வரி என்று பிரித்துப் பில் போட்டு, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லும் எடுத்துக் காட்ட வேண்டும். எல்லைப் பகுதியில் கணக்கெழுதிப் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒரு வாரம் கழித்து மீண்டும் வரச்சொல்லி மேலாளரே பேசினார், சம்பளம், பி.எஃப்., ஆலை வண்டி காலையில் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பது வரை பேச்சு வளர்ந்தது. விடைபெற்று எழுந்தபோது மனிதவளப் பிரிவு அலுவலர், “அடுத்த ஆழ்ச்ச விளிக்காம்” என்றார்.

அடுத்த வாரம் கூப்பிடுகிறோம் என்று பொருள். பள்ளியில் படித்த இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை. அதற்கென்று தனி உருபு கிடையாது. ஆலைக்காரர்களின் விளிக்கு உருபோடு தேதியும் கிடையாது என்பதை அடுத்த ஆறு வாரங்களில் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆறு வாரங்களுக்கு நான் கொடுத்த விலை சிறியதன்று. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் ஆலை ஒன்று எனக்கு வேலை தர முன்வந்து, பத்து நாட்களுக்குள் முடிவு சொல்லும்படி கேட்டிருந்தது. சம்பளம் கஞ்சிக்கோட்டைவிட நாலாயிரம் ரூபாய் குறைவு. ஆகவே கன்சல்டன்சியை அழைத்து, அங்கே என்ன முடிவாயிற்று என்று கேட்டேன். “பார்த்துச் சொல்கிறேன், சேச்சி” என்றார் அந்தப் பெண். நான்கு நாள் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னார். மூன்றாம் முறை வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்ததோடு சரி. பத்தாம் நாள் கடந்தது. பொள்ளாச்சி வேலை வேறொருவருக்குப் போயிற்று. கஞ்சிக்கோட்டு இடம் நிரம்பி மூன்று வாரம் ஆகிவிட்டது என்ற செய்தியோ, வேலந்தாவளத்திலிருந்து வந்து அதே இடத்தில் சேர்ந்திருந்த பெண், தற்செயலாகப் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்து பேச்சுக் கொடுத்தபோதுதான் எனக்குக் கிடைத்தது. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எனக்கு முடிவைத் தெரிவித்த ஒரே ஆள் அவர்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று பின்னர் கன்சல்டன்சியின் உரிமையாளரிடமே நேரில் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆலைகள் ஒரே காலியிடத்தை மூன்று நான்கு கன்சல்டன்சிகளிடம் சொல்லி வைக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பழைய இடத்தில் நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டு வருவதற்குள் மனம் மாறுவது உண்டு என்பதால், அவர் வந்து கையெழுத்துப் போடும் வரை, அடுத்த நிலையில் இருப்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்லாமல் நிறுத்தி வைக்கிறார்கள். அவர் சேர்ந்துவிட்ட பிறகு, நிறுத்தி வைத்த ஆளின் நினைவு யாருக்கும் இருப்பதில்லை. கன்சல்டன்சிக்கு வருமானம் வேலையில் சேர்ந்தவரிடமிருந்து வருகிறது. சேராதவருக்குச் செய்யும் தொலைபேசி அழைப்பு அவர்கள் கணக்கில் வெறும் செலவு.

இந்த விளக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்க முடியவில்லை. நான் கட்டிய 500 ரூபாய், என் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து அதற்கான விடையைத் திருப்பிக் கொண்டுவருவதற்கான கூலி. போகும் வழியைச் சிறப்பாகச் செய்துவிட்டு வரும் வழியை விட்டுவிட்டால் அது பாதிச் சேவைதான். முகவரியில் ஆள் இல்லையென்றால் தபால்காரர்கூட விரைவுத் தபாலைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். விடை ‘இல்லை’ என்பதாக இருந்தாலும் அது எனக்குத் தேவையான சரக்கு. அது உரிய நாளில் கிடைத்திருந்தால் நான் இன்று பொள்ளாச்சியில் வேலையில் இருந்திருப்பேன்.

சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியுமா என்றும் பார்த்தேன். கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ. (இந்தியத் தொலைபேசித் தொழிலகம்), பெமல் போன்ற பொதுத்துறை ஆலைகளும் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் விண்ணப்பித்தவர், 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டித் தம் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனியார் ஆலையிடம் அப்படிக் கேட்க வழியில்லை. 1959 ஆம் ஆண்டின் காலியிட அறிவிப்புச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. விண்ணப்பித்தவருக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் இதற்கென்றே விதி இருக்கிறது: 25 பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை வந்தவருக்குச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? கேரள பி.எஸ்.சி.யின் தாமதத்தைத் திட்டாத வீடு எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் தரவரிசைப் பட்டியலில் நாம் எத்தனையாவது ஆளாக நிற்கிறோம் என்பதையும், வேலைக்குப் பரிந்துரைக்கும் அட்வைஸ் மெமோ எந்த எண் வரை போயிற்று என்பதையும் அங்கே தெரிந்துகொள்ள முடிகிறது.

அடுத்த இரண்டு நேர்காணல்களில் நான் என் முறையை மாற்றிக்கொண்டேன். எழுந்திருக்கும் முன், எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும், அதை எனக்குச் சொல்லப் போகிறவர் யார் என்று கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே குறிப்பேட்டில் எழுதினேன். நாம் எழுதுவதைப் பார்த்ததும் அவர்கள் தேதியைச் சற்றுத் தள்ளிச் சொல்வார்கள். சொல்லட்டும், அதுதான் மெய்யான தேதி. அன்று மாலையே அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, ஆலைக்கும் கன்சல்டன்சிக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக நன்றி தெரிவித்தேன். தேதி கடந்த மறுநாள் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லாதபோது இப்படி எழுதினேன்: “வரும் வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் முடிவு கிடைக்கவில்லையெனில், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருத வேண்டுகிறேன்.” அட்டைப்பெட்டி செய்யும் இரண்டாவது ஆலை, இந்தக் கடிதம் போன மறுநாள் காலையிலேயே, இடம் நிரம்பிவிட்டதாக இரண்டு வரியில் பதில் எழுதியது. மூன்றாவது ஆலை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரு பதிலுக்காக மற்ற விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் அத்தோடு விட்டேன். பொள்ளாச்சியில் இழந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பதால், முழுப் பழியையும் கன்சல்டன்சியின் மேல் போட மாட்டேன்.

பதிவுக்கும் பயோடேட்டாவுக்கும் ஐந்துக்கு 4.5, நேர்காணலுக்குப் பிந்தைய சேவைக்கு 0.5. கணக்கர் என்ற முறையில் சராசரி எடுத்தால் 2.5 வருகிறது, அதையே தருகிறேன். காலியிடம் நிரம்பியதும் நேர்காணலுக்குச் சென்ற அனைவருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடலாமே என்று உரிமையாளரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றும், விரைவில் தொடங்குவதாகவும் சொன்னார். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். என் பதிவு இன்னும் நான்கு மாதம் செல்லும். அதற்குள் அப்படி ஒரு செய்தி வந்தால் 2.5 என்பதை 3.5 என்று திருத்துகிறேன்.