பாம்பனுக்கு வடக்கே பே, தெற்கே கல்ஃப்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நிற்பவருக்கு வடக்கே தெரிவது பாக் விரிகுடா, தெற்கே தெரிவது மன்னார் வளைகுடா. ஆங்கிலத்தில் முன்னது ‘பே’, பின்னது ‘கல்ஃப்’. ஒரே பாலத்தின் இருபுறமும் இருக்கும் நீருக்கு ஏன் இரண்டு சொற்கள்?

பே சிறியது, வாய் அகன்றது என்றும், கல்ஃப் பெரியது, ஆழமானது, வாய் குறுகியது என்றும் பொதுவாகச் சொல்லித் தருவார்கள். இந்த விதி நிலைப்பதில்லை. வங்காள விரிகுடாவின் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். பாரசீக வளைகுடாவோ ஏறத்தாழ 2.5 லட்சம் சதுர கிலோமீட்டர்தான், சராசரி ஆழமும் சுமார் 50 மீட்டர்தான். நம் கரையிலோ வாயைப் பற்றிய விதி தலைகீழாகிறது. மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கி அகலத் திறந்திருக்க, பாக் விரிகுடாவை ஒருபுறம் ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகளும் மறுபுறம் பாக் நீரிணையும் நெருக்குகின்றன. ஆழத்தில் மட்டும் விதி பொருந்துகிறது: வடக்கே பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு, தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும்.

ஆகவே அளவை விட்டுவிட்டுச் சொற்களின் பிறப்பைப் பார்ப்பதே பயன் தரும். ‘கல்ஃப்’ கிரேக்க மொழியின் ‘கோல்போஸ்’ என்ற சொல்லிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியே வந்தது. கோல்போஸ் என்றால் மார்பு, ஆடையின் மடிப்பு, கடலின் உள்வளைவு. இதற்கு நிகராகத் தமிழில் எனக்குத் தோன்றும் சொல் ‘மடி’. குழந்தை படுப்பதும் மடி, சேலையில் காசு முடிவதும் மடி, நம் மீனவர்கள் வலையில் மீன் சேரும் பையைச் சொல்வதும் மடி. ஆங்கிலத்தில் இந்தச் சொல் பின்னர் பெரும்பள்ளத்தையும், இரு தரப்பினரிடையே உள்ள தீராத இடைவெளியையும் குறிக்கலாயிற்று. பொருள்கள் பல என்றாலும் வேர் ஒன்றே.

‘பே’ அப்படியன்று, ஒரே எழுத்துக்கூட்டில் ஐந்து சொற்கள் குடியிருக்கின்றன. கடலைக் குறிப்பது பிற்கால லத்தீனின் ‘பாயா’வின் வழி வந்தது. சன்னல் மாடத்தையும் சரக்கு ஏற்றும் தளத்தையும் குறிப்பது, வாய் பிளத்தலைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. குதிரையின் செம்பழுப்பு நிறம் லத்தீனின் ‘பாடியுஸ்’. வேட்டை நாய்களின் குரைப்பு வேறொரு சொல். தப்ப வழியின்றித் திரும்பி நின்று நாய்களை எதிர்கொள்ளும் விலங்கின் நிலையிலிருந்தே, எதிரியை அண்டவிடாமல் தள்ளி நிறுத்துவது என்ற ஆங்கில வழக்கு வந்தது. ஐந்தாவது, சிறு கனியைக் குறிக்கும் லத்தீனின் ‘பாக்கா’வில் தோன்றி மரத்துக்கும் இலைக்கும் பெயரானது. கீழக்கரையில் பிரியாணிச் சட்டியில் விழும் பிரிஞ்சி இலையை ‘பே’ இலை என்றே கடைப் பொட்டலங்களில் அச்சிடுகிறார்கள். ஆனால் அது லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் இலை. அகராதி தொகுப்பவர் ‘கல்ஃப்’ என்பதை ஒரே பதிவாகவும், ‘பே’ என்பதை ஐந்து தனிப் பதிவுகளாகவும் தருவதே முறை.

தமிழ் இரண்டுக்கும் ‘குடா’வை அடியாகக் கொண்டு, ஒன்றில் விரிவையும் மற்றதில் வளைவையும் முன்வைத்தது. வரைபடத்துக்கு இந்த இணை போதும். ஆழம் மட்டும் அதில் விடுபட்டது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்துப் பேச்சில் ‘வளைகுடா’ என்றால் வாசலில் இருக்கும் கடல் நினைவுக்கு வருவதில்லை. அது துபாய், சவூதி, குவைத். சபராளிகள், அதாவது வேலை தேடி வெளிநாடு போகிறவர்கள், பிழைக்கப் போன தேசம். சொந்தக் கடலின் பெயரைத் தொலைதூரத்து நாடுகள் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தனுஷ்கோடியில் வேறோர் இணை வழங்குகிறது: அமைதியான வடபுறம் பெண்கடல், அலை மோதும் தென்புறம் ஆண்கடல். கடலின் குணத்தைச் சொல்வதில் இது விரிகுடா, வளைகுடா இரண்டையும் விஞ்சுகிறது. ஆயினும் வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடபுறம் கொந்தளிக்கும், தென்புறம் அடங்கிக் கிடக்கும். அப்போது இந்தப் பெயர்களும் இடம் மாறிவிடுகின்றன. எந்தப் பருவத்திலும் பிழையாகாதவை, தொழிலுக்குப் போகிறவர்கள் சொல்லும் வடகடலும் தென்கடலும்தான்.