ஸ்வார்ம் மின்னோட்டத் தரவு: மெல்லிய இழைகளைத் தேடினால் ஒற்றை சாட்டிலைட் ஃபைலை எடுங்கள்

துருவ ஒளி தோன்றும் பகுதிகளில் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி மேலும் கீழும் ஓடும் மின்னோட்டங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது பூமியின் காந்தப்புலத்தை அளக்கும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்வார்ம் சாட்டிலைட்டுகளின் தரவைத்தான். காசு கிடையாது. அந்தத் தரவைக் காட்டும் வைரெஸ் என்ற இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் சாட்டிலைட் போன பாதை உலக உருண்டை மேலேயே தெரியும், மின்னோட்ட வரைபடமும் பிரௌசரிலேயே வந்துவிடும், பைத்தான் தெரிந்தவர்கள் தரவை நேராக நிரலுக்குள் இழுத்துக்கொள்ளலாம். நார்வே இயற்பியலாளர் பிர்க்லாண்ட் 1908-இல் இப்படி மின்னோட்டம் இருக்கும் என்று எழுதினார், அதன் தடயம் சாட்டிலைட் அளவீட்டில் சிக்கவே 1960-கள் ஆகிவிட்டது. இன்று அதை வீட்டிலிருந்தே பார்க்கிறோம், எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சரி, எந்த ஃபைலை எடுப்பது? 2013 நவம்பரில் ஏவிய மூன்று சாட்டிலைட்டுகளில் ஏ, சி இரண்டும் அருகருகே பறக்கின்றன, பி கொஞ்சம் உயரத்தில். ஏ, சி இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட ஃபைல்தான் நம்பகமானது என்பார்கள். பெரிய மின்னோட்ட வளையங்களுக்கு அது உண்மைதான். ஆனால் சுமார் 150 கிலோமீட்டருக்குக் குறைவான அமைப்புகள் அதில் வடிகட்டப்பட்டுவிடுகின்றன, பத்து கிலோமீட்டர் அகல மின்னோட்ட இழையை அதில் தேடுவது வீண்.

ஒற்றை சாட்டிலைட் ஃபைலில் நொடிக்கு ஒரு மதிப்பு, அதாவது ஏறக்குறைய 7.5 கிலோமீட்டருக்கு ஒன்று. அதுவும் போதாது என்றால் நொடிக்கு 50 அளவீடு உள்ள காந்தத் தரவை எடுத்து நீங்களே கணக்கிடுங்கள், 150 மீட்டர் வரை இறங்கலாம், அங்கேதான் உச்சங்கள் சட்டென்று எகிறும்.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஒற்றை சாட்டிலைட்டின் காந்த அளவீட்டிலிருந்து மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கு, மின்னோட்டம் அகலமான தகடு போல அசையாமல் நிற்கிறது, சாட்டிலைட் அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது என்று வைத்துக்கொள்கிறது. சின்ன இழைகள் பத்து நொடிக்குள்ளேயே மாறிவிடக்கூடியவை, பல நேரம் அவை ஆல்ஃவென் அலைகள், அதாவது காந்தப்புலக் கோடுகளை ஒட்டி ஓடும் அலைகள், அப்போது நேரத்தில் நடந்த மாற்றத்தை இடத்தில் நடந்ததாக ஃபைல் காட்டும். அதனால் எண்ணை அப்படியே நம்பாமல் ஏ, சி இரண்டின் வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். சில நொடி இடைவெளியில் இரண்டிலும் அதே வடிவம் வந்தால் அந்த அளவை ஓரளவு நம்பலாம், வராவிட்டால் அந்த இடத்தில் ஏதோ துடிக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை திறப்பவர்கள் 2015 மார்ச் 17 காந்தப்புயல் நாளை எடுங்கள். அமைதியான ஒரு நாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.