சளிப் பரிசோதனை: நுண்ணோக்கியா, பி.சி.ஆர். முறையா?

ஏற்காட்டுக் காபித் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டினால், காசநோயா என்று அறிய இரு வழிகள் உண்டு. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி. செலவு குறைவு, ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அவை கண்ணில் படும்.

1983-இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பி.சி.ஆர். (பாலிமரேஸ் சங்கிலி வினை) என்ற உத்தி புதிய வழி; அது கிருமியின் டி.என்.ஏ. துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறது. 30 சுற்றுகளில் ஒரே துண்டு நூறு கோடிக்கும் மேலாகப் பெருகிவிடும். அதனால் சில நூறு கிருமிகள் இருந்தாலும் நோய் தெரிந்துவிடுவதோடு, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் பலிக்குமா என்பதும் அன்றே தெரியவருகிறது. இச்சோதனையைச் செய்யும் ட்ரூநாட் போன்ற கருவிகள் பேட்டரியிலும் இயங்குவதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கும் அலைச்சலை மலைவாழ் மக்களுக்கு மிச்சப்படுத்தும் வாய்ப்பும் இருக்கிறது; இதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

எனினும், செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இம்முறை பெருக்கிக் காட்டும். ஆகவே, சில நூறு கிருமிகளையும் காட்டும் பி.சி.ஆர். முறையை முதல் பரிசோதனைக்குக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் சிகிச்சையின் முன்னேற்றத்தை அறிய நுண்ணோக்கியும் கிருமி வளர்ப்புச் சோதனையுமே ஏற்றவை. எதுவானாலும், கொடுக்க வேண்டியது எச்சில் அன்று, காலையில் ஆழ இருமி எடுத்த சளி.