மணல்காட்டுச் சவுக்குத் தோப்புக்கும் இரணைமடுக் கட்டுக்கும் 21 கியர் சைக்கிள் சரிவருமா?

யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடைகளில் இப்போது வாசலிலேயே நிற்பது ‘மவுண்டன்’ சைக்கிள்தான். 26 அங்குலச் சக்கரம், 21 கியர், முன் சஸ்பென்சன், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிறேக். பாரில் ஒட்டியிருக்கும் பெயர் மாறினாலும் விலை குறைந்த ரகங்களில் உள்ளே பூட்டியிருக்கிற சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர இது தேவையே இல்லை. பழைய அரைச்செயின் கவர் சைக்கிளே போதும், கரியரில் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றலாம். மணல்காட்டுச் சவுக்குத் தோப்பு, தொண்டைமானாற்று நீரேரிக் கரை, ஆனையிறவு தாண்டினால் இரணைமடுக் குளக்கட்டு, அதையொட்டிய காட்டுப் பாதை என்று ஓய்வு நாளில் ஓடுகிறவர்களுக்கு இது உண்மையாகவே உதவும். ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணங்களுக்காக அல்ல.

கடையில் முதலில் காட்டுவது முன் சஸ்பென்சன். அழுத்திக் காட்டுவார்கள், கீழே போய் மேலே வரும். உள்ளே இருப்பது வெறும் சுருள் ஸ்பிறிங். துள்ளலை அடக்க எதுவும் கிடையாது. குளக்கட்டில் அலை அலையாகக் கிடக்கிற கிறவலில் அந்த ஸ்பிறிங் சின்ன அதிர்வுகளை வாங்கவே வாங்காது, பெரிய பள்ளத்தில் மட்டும் டொக் என்று அடிக்கும். பாரம் இரண்டு கிலோவுக்கு மேல். அந்தக் கிறவலில் கையை நோகாமல் வைத்திருப்பது ரயரில் உள்ள காற்று. இந்தச் சைக்கிளின் நல்ல குணம் முழுக்க 1.95 அங்குல அகல ரயரில்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்களோ குறைவு. ரயரின் பக்கத்தில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கல்லுப்போல அடித்துவிட்டுக் காட்டுக்குள் இறங்குகிறார்கள்.

எழுபது கிலோ ஆளுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. தார் றோட்டில் 50. குளக்கட்டுக் கிறவலில் முன்னுக்கு 32, பின்னுக்கு 36. சவுக்குத் தோப்பு மணலில் முன்னுக்கு 20, பின்னுக்கு 24. இதற்குக் கீழே இறக்கினால் வளைவில் ரயர் ரிம்மில் புரளும், வேரில் ஏறும்போது ரியூப் வேருக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி அருகருகே இரண்டு வெட்டு விழும். ரியூபைக் கழற்றிப் பார்த்து இரண்டு வெட்டு இருந்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், குற்றம் காற்றுக் குறைவில். இந்தச் சைக்கிள்களுக்கு வருவது மோட்டார் சைக்கிள் வால்வ் என்பது பெரிய வசதி: நடுக்குச்சியை நகத்தால் அழுத்திக் காற்றை இறக்கலாம், மோட்டார் சைக்கிள் ரயர் கடை எதிலும் திரும்ப அடிக்கலாம். மானி உள்ள சிறிய பம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

மணல்காட்டில் திறந்த மணல்மேட்டில் எந்தச் சைக்கிளும் ஓடாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சவுக்குக்குக் கீழே கதை வேறு. உதிர்ந்த ஊசியிலை பாய்போலப் படிந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும், அதன் மேலே ஓடலாம். பாய் அறுந்து வெள்ளை மணல் தெரிகிற இடம் வருகிறது என்றால் அதற்கு முன்னமே கியரை இறக்கிவிடுங்கள். மணலுக்குள் போனபிறகு பெடலை உன்னிக்கொண்டு மாற்றினால் செயின் பல்லில் ஏறாமல் கறகறவென்று இழுபட்டுக் கழன்றுவிடும். உடம்பைப் பின்னுக்கு வையுங்கள், ஹாண்டிலைத் திருப்பாதீர்கள், முன் பிறேக்கைத் தொடாதீர்கள், பெடலை மட்டும் நிறுத்தாமல் சுற்றுங்கள். முன்னுக்கு 24 பல், பின்னுக்கு 28 பல் என்று வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ 1.8 மீற்றர் நகரும். 44க்கு 18 பல் போட்ட சாதாரண சைக்கிளில் அதே ஒரு சுற்று 5 மீற்றருக்கு மேல். மணலில் கால் நின்றுபோவதற்கும் போகாததற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மீதி இருபது கியரில் பாதியைக் குடாநாட்டில் யாரும் தொடப்போவதில்லை.

முள் விஷயம் தனி. நீரேரித் தரவையிலும் வெட்டையிலும் நெருஞ்சி. ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரே ரயரில் நாலைந்து குத்து விழும். பனங்கூடலுக்குள் கருக்கு மட்டை அதைவிட மோசம். அது ரயரின் பக்கச் சுவரை வாளால் அரிந்ததுபோல அரியும், ஒட்டு அங்கே நிற்காது. உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து மெதுவாக அடித்துக்கொண்டு வீடு சேரலாம். நெருஞ்சிக்கு ஊரிலேயே உள்ள வைத்தியம் போதும்: பழைய ரியூபை நீளத்துக்குப் பிளந்து வால்வை வெட்டியெறிந்துவிட்டு ரயருக்கும் ரியூபுக்கும் இடையில் விரிப்பது. கொஞ்சம் பாரம் கூடும், பரவாயில்லை. விரிக்கும்போது மடிப்பு விழாமல் பாருங்கள். மடிந்த விளிம்பே ரியூபை உரஞ்சி ஓட்டையாக்கும்.

டிஸ்க் பிறேக்கைப் பற்றி எங்கள் கருத்து இரண்டுபட்டது. மாரியில் களி பிடித்த பாதையில் ரிம்மெல்லாம் சேறாக இருக்கும்போது டிஸ்க்தான் பிடிக்கும். ஆனால் விலை குறைந்தவற்றில் வருவது கேபிளால் இழுக்கிற வகை, உப்புக் காற்றில் முதலில் கெடுவது அந்தக் கேபிள். கவருக்குள்ளே துருப்பிடித்து லீவரை விட்டாலும் திரும்பி வராது. தட்டு உரசிச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம்: பிறேக்கைப் பிடித்திருக்கிற இரண்டு ஆணியையும் தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடியே அவற்றைத் திரும்ப முறுக்கினால் பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும். செயினுக்கு ஒயில் விசிறும்போது பின் தட்டில் ஒரு துளி பட்டாலும் பிறேக் கட்டை ஊறிப்போய் கீச்சிடும், பிடியும் போகும். ஊறிய கட்டையைத் துடைத்து மீட்க முடியாது, புதிது போட வேண்டும். ரிம்மைப் பிடிக்கிற சாதாரண வி-பிறேக்கின் கட்டையை எந்தக் கடையிலும் எடுக்கலாம், டிஸ்க் கட்டை அப்படியில்லை.

செயினுக்குக் கழிவு ஒயில் விடுகிற பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். மணல் அதில் ஒட்டி அரத்தூளாகிப் பல்லைத் தின்னும். தையல் மெசின் ஒயிலைக் கணுவுக்கு ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தால் சரி. உப்பு வெட்டைக்குள் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மறுநாள் என்றால் செம்மஞ்சள் ஏறிவிடும். பன்னிரண்டு முழுக் கணு புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் முடிந்தது.

பழுது வந்தால் யார் பார்ப்பது? பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றியே ரேடியோ கேட்ட ஊர் இது. சாதாரண சைக்கிளில் எங்கள் ஒட்டுக்கடைக்காரருக்குத் தெரியாத பழுது இல்லை. கியர் சைக்கிள் வேறு. அவரிடம் இருக்கும் தடித்த செயின் ஏழு பல் அடுக்குக்குள் ஓடாது, ஒடுங்கிய செயின் என்று கேட்டு வாங்கி வைத்திருங்கள். காட்டில் அடிக்கடி நடப்பது, ஒரு தடி சக்கரத்துக்குள் போய்ப் பின் கியர்க் கையைத் தொங்கவிடும் சின்ன உலோகத் துண்டை வளைப்பது. பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சின்னச் சில்லும் செயின் பல்லுக்கு நேர்கீழே நிற்க வேண்டும். உள்ளுக்குச் சாய்ந்திருந்தால் முதலாம் கியருக்குப் போகாமல் வீடு வாருங்கள். போனால் கியர்க் கை கம்பிக்குள் சிக்கிச் சக்கரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

வாங்கும்போது கவனிக்க: ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பாரில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். கரையோரத்தில் இருப்பவர்கள் அலுமினியத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பெட்டியிலிருந்து எடுத்து அவசரமாகப் பூட்டியதில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் பின்பக்கம் பார்த்து நிற்பதை இன்றும் காணலாம். டிஸ்க் பிறேக் சைக்கிளில் முன் சக்கரத்து டிஸ்க் தட்டு சவாரிக்காரரின் இடதுபக்கம் இருக்க வேண்டும், வலதில் இருந்தால் போர்க் மாறியிருக்கிறது. இடது பெடல் இடமுறுக்கு. கையால் சுழற்றி ஏறாததைச் சாவியால் ஏற்றினால் பெடல் பூட்டுகிற கிராங்கின் மரை போய்விடும். சக்கர அச்சைத் திறந்து கிறீஸ் வைத்துத் தரச் சொல்லுங்கள், பல சைக்கிள்களில் பெயருக்குத்தான் பூசியிருப்பார்கள். முதல் ஐம்பது கிலோமீற்றருக்குள் கிராங்க் ஆணியை மறுபடி முறுக்க வேண்டும்.

சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வல்லை வெளியைக் கணக்கில் எடுங்கள். பருத்தித்துறைப் பக்கம் போகும்போது முதுகில் தள்ளும், களைத்துத் திரும்பும்போது முகத்தில் நிற்கும். மாரியில் நீரேரிக் கரைக் களி மட்காட்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும், அந்தக் காலத்துக்குக் கிறவல் கட்டுகள்தான் நல்லது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை நிற்கிற பக்கம் குறுக்குப் பாதை தேட வேண்டாம், பழகிய தடத்தை விட்டு ஒரு அடிகூட விலக வேண்டாம். வன்னிக் காட்டோரம் யானை வரும் என்பதால் பொழுதுபடமுன் றோட்டுக்கு வந்துவிடுங்கள்.

பின் சஸ்பென்சனும் சேர்ந்த ரகத்தை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். இருக்கைக்குக் கீழே இருக்கும் ஸ்பிறிங் உங்கள் கால்பலத்தில் பாதியைத் தின்னும், மணலில் ஒவ்வொரு மிதிக்கும் குந்தும், அசைகிற மூட்டுகளில் துரு ஏறினால் மாற்றுச் சாமான் கிடைக்காது. கரையோர மணலில்தான் அதிகம் ஓடுவீர்கள் என்றால் டிஸ்க் இல்லாத, வி-பிறேக் போட்ட அலுமினியச் சைக்கிளைக் கேளுங்கள். விலை குறைவென்பதால் அதைக் கடையின் பின்பக்கம் வைத்திருப்பார்கள். மிச்சம் வரும் காசுக்கு இன்னும் அகலமான 2.1 ரயர் இரண்டு, அது போர்க்கிலும் பின்னுக்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துப் போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசலாம்.